கண்ணாடிக்கு அறிவு வந்தால்...

கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வீடு கட்டிய காலம் போய், கண்ணாடி கொண்டு மாளிகை எழுப்பும் காலம் வந்துவிட்டது. அடையாறு மத்திய கைலாஷிலிருந்து தெற்கே ராஜீவ் காந்தி சாலையில் திரும்பினால் போதும். 2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது முதல், அந்தச் சாலையின் இருபுறமும் கண்ணாடி முகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தியாகராய நகரிலோ, துணிக்கடையும் நகைக்கடையும் தரையிலிருந்து உச்சி வரை கண்ணாடி போர்த்திக்கொண்டு மின்னுகின்றன. மயிலாப்பூர் மாட வீதிகளில்கூடத் திண்ணை வைத்த பழைய வீடு இடிந்த இடத்தில் கண்ணாடி முகப்புடன் ஒரு வணிக வளாகம் எழுந்துவிடுகிறது.

இந்தக் கண்ணாடிக்கு இப்போது அறிவும் வந்துவிட்டதாம்! வெயில் ஏறினால் அது தானே கறுக்குமாம். மேகம் கவிந்தால் தானே தெளியுமாம். அறையில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சுவரில் பதித்த உணர்விகள் அறிந்து சொல்ல, செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறி மூளை அதைக் கேட்டு விளக்கையும் குளிர்சாதனத்தையும் ஜன்னலையும் ஒருசேர ஆட்டிவைக்குமாம். கேட்பதற்கு விக்கிரமாதித்தன் கதை போல இருக்கிறது. ஆயினும் கதையல்ல, உண்மை. இந்தப் புதுமையை நம் சென்னை இருகரம் நீட்டி வரவேற்கலாமா? அன்றி, வாசலில் நிறுத்திச் சில கேள்விகள் கேட்ட பிறகு உள்ளே விடலாமா? இரண்டாவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். அதற்கான காரணங்களைத் தோழியர் முன் வைக்கிறோம்.

மணியிலிருந்து மாளிகைக்கு

கண்ணாடி நமக்கு அந்நியப் பொருளன்று. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் நம் முன்னோர் கண்ணாடி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பினர் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. சாந்தோம் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் வெயில் பட்டு, தரையில் நிறம் சிந்துவதை நாம் கண்டிருக்கிறோம். மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பதித்த சிறு கண்ணாடித் துண்டுகள் இன்றும் சில இடங்களில் எஞ்சியிருக்கின்றன. அங்கெல்லாம் கண்ணாடி ஒரு துளி, சுவரே பெரிது. சுவரையே கண்ணாடியாக்கும் ஆசை பிறந்தது பிற்பாடுதான்.

அந்த ஆசையை நிறைவேற்றியவர் இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன். உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால், இருபுறமும் மெருகேற்றாமலே பெரிய சமதளத் தகடு கிடைக்கும் என்று கண்டு, 1959-ல் உலகுக்கு அறிவித்தார். அன்று முதல் பெரிய கண்ணாடி மலிவாயிற்று. நமது ஸ்ரீபெரும்புதூரிலும் பிரெஞ்சு நாட்டு செயின்ட் கோபெய்ன் நிறுவனத்தின் ஆலையில் இம்முறையிலேதான் கண்ணாடி உருவாகிறது. 1665-ல் தோன்றி, வெர்சாய் அரண்மனைக்குக் கண்ணாடி செய்து கொடுத்த பழம்பெரும் நிறுவனம் அது. இன்று நிறம் மாறும் அறிவுக் கண்ணாடி செய்வோரில் அதன் கிளை நிறுவனமும் ஒன்று.

இன்னொரு பெயரையும் பெண் பிள்ளைகளாகிய நாம் மறக்கலாகாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி காத்ரின் பிளாட்ஜெட். கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலங்களை அடுக்கினால் அதன் கூசும் பிரதிபலிப்பு மறைந்துவிடும் என்று 1938-ல் காட்டியவர் அவர். ‘கண்ணாடியின் மேல் ஒரு படலம்’ என்னும் அந்த வழியில்தான் இன்றைய அறிவுக் கண்ணாடியும் நடக்கிறது.

அந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது?

அறிவுக் கண்ணாடி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல இனங்கள் உண்டு. வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் மூக்குக் கண்ணாடியை நாம் அறிவோம். அது ஒளிக்குக் கட்டுப்பட்டது. வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதும் உண்டு. வனேடியம் டைஆக்சைடு என்னும் பொருள் 68 டிகிரி சென்டிகிரேடு அளவில் தன் இயல்பை மாற்றிக்கொண்டு, வெப்பக் கதிரைத் தடுக்கத் தொடங்கும். அந்த அளவைக் கீழே இறக்குவதற்கு விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். இவ்விரண்டும் தாமாக மாறுபவை. நம் விருப்பம் கேளாதவை.

மின்சாரத்துக்குக் கட்டுப்பட்ட இனங்கள் வேறு. முதலாவது, இரு தகடுகளுக்கு இடையே திரவப் படிகத் துளிகளை அடைத்த கண்ணாடி. மின்சாரம் பாயும்போது துளிகள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும், கண்ணாடி தெளியும். நிறுத்தினால் கலைந்து போகும். கண்ணாடி பால் போல் வெளுத்து மறைக்கும். கூட்ட அறைகளிலும் மருத்துவமனைகளிலும் திரைச்சீலைக்குப் பதிலாக இதை வைக்கிறார்கள். நம் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான ‘விஸ்டாடோம்’ என்னும் சுற்றுலா ரயில் பெட்டியின் ஜன்னல்களிலும் இத்தகைய கண்ணாடி பொருத்தப்பட்டது. அந்தப் பெட்டி 2020 டிசம்பரில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் எங்கோ கடல் கடந்து இருப்பதன்று. நம் ஊர்த் தொழிலாளர் கைப்பட்டதே.

கட்டடங்களுக்குப் பெரிதும் பேசப்படுவது இரண்டாவது இனம். இதில் டங்ஸ்டன் ஆக்சைடு என்னும் பொருளின் மெல்லிய படலம் உண்டு. மின்சாரத்தால் அதன் நிறம் மாறுவதை எஸ். கே. டெப் என்னும் விஞ்ஞானி 1969-ல் விளக்கினார். 1980-களில் ஸ்வீடன் நாட்டின் கிளாஸ் கிரான்க்விஸ்ட் முதலியோர் இதை ஜன்னலுக்குக் கொண்டுவரும் வழியை ஆராய்ந்தனர். சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் லித்தியம் அயனிகள் அந்தப் படலத்துக்குள் புகும். கண்ணாடி நீலம் பாரிக்கும். மின்னழுத்தத்தைத் திருப்பினால் அயனிகள் வெளியேறும், கண்ணாடி தெளியும். தெளிந்த நிலையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஒளியை விடும் கண்ணாடி, முற்றும் கறுத்தால் 1 விழுக்காடு அளவே விடும். கறுத்த பிறகும் வெளிக் காட்சி தெரியும் என்பது இதன் தனிச் சிறப்பு.

ஆனால் பெரிய தகடு முழுதும் நிறம் மாறப் பல நிமிடங்கள் ஆகும். வெயில் மேசை மேல் விழுந்த பிறகு கறுக்கத் தொடங்கினால் பயனில்லை. முன்கூட்டியே தொடங்க வேண்டும். இங்குதான் உணர்வியும் செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வருகின்றன. சூரியன் எந்த நாளில் எந்த நாழிகையில் எங்கே நிற்கும் என்பதை அறியச் செயற்கை நுண்ணறிவு எதற்கு? மயிலாப்பூரில் விற்கும் பஞ்சாங்கமே போதும்! பஞ்சாங்கம் அறியாதவை இரண்டு: ஒன்று, இன்று பிற்பகல் மேகம் வருமா என்பது, மற்றொன்று, உள்ளே இருக்கும் மனிதர் என்ன விரும்புவார் என்பது. கூரை மேலுள்ள ஒளி உணர்வி, வானிலை அறிக்கை, அறையின் வெப்பநிலை, ஆள் நடமாட்டம், ‘வேண்டாம், வெளிச்சம் வரட்டும்’ என்று நாம் பொத்தானை அழுத்திய நேரங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த அரைமணி நேரத்தை ஊகிப்பதே அந்த நுண்ணறிவின் வேலை.

சென்னைக்கு இது வேண்டியதுதானா?

வேண்டியதே என்று சொல்வோரின் வாதம் வலுவானது. 2003 மே 31-ம் நாள் சென்னையில் 45 டிகிரி வெயில் கொளுத்தியது. அப்படிப்பட்ட ஊரில் சாதாரணக் கண்ணாடிச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? வெயில் ஒளியாக உள்ளே நுழைகிறது. மேசையிலும் தரையிலும் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பம் எளிதில் வெளியேற முடியாமல் அங்கேயே தங்குகிறது. தன் மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும் இயல்புடையது தெளிந்த ஒற்றைக் கண்ணாடி. வணிகக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்பு விதிமுறை 2017-ல் திருத்தப்பட்டபோது, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், வடக்கு நீங்கலான திசைகளின் ஜன்னல்கள் 0.27 பங்குக்கு மேல் வெப்பத்தை விடக் கூடாது என்று வகுத்தது. வெளிச்சுவரில் ஜன்னலின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது.

எப்போதும் கறுத்தே இருக்கும் கண்ணாடியைப் போட்டால் வெப்பம் குறையும். ஆனால் பட்டப் பகலில் விளக்கேற்ற வேண்டி வரும். கார்த்திகை மாதத்து மழைநாளிலும் மங்கிய ஒளியே கிடைக்கும். நேரத்துக்குத் தக்கபடி மாறும் கண்ணாடியோ வெப்பம், ஒளி இரண்டையும் அளந்து விடும். குளிர்சாதனத்தின் சுமை குறையும், மின்சாரம் மிஞ்சும். 2019-ல் இந்திய அரசு குளிரூட்டலுக்கென்றே ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. 2020 முதல் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்க வேண்டும் என்று விதி வந்தது. நாடே இவ்வளவு கவலைப்படும்போது, உதவிக்கு வரும் கண்ணாடியைத் தள்ளலாமா?

தள்ள வேண்டாம். ஆனால் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம்.

முதல் கேள்வி: நோயை வாங்கிவிட்டு மருந்தைத் தேடுவதா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. சுவரே இல்லாத மாளிகையைக் கட்டிவிட்டு, வெயில் வருகிறதே என்று விலையுயர்ந்த கண்ணாடியைத் தேடுவது எந்த ஊர் நியாயம்?

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். உச்சி வெயிலைத் தடுக்க ஜன்னலின் மேல் இரண்டடி சன்ஷேடு போதும். காலையும் மாலையும் கிழக்கிலும் மேற்கிலும் படுக்கையாக வரும் வெயிலே பொல்லாதது. அந்தத் திசைகளில் கண்ணாடியைக் குறைத்து, சுவரைக் கூட்டி, மரம் வைத்தாலே பாதிக் கவலை தீரும். இதை நம் பாட்டனார் அறிந்திருந்தனர். மயிலாப்பூர் வீட்டின் திண்ணைக்கு மேலே தாழ்ந்த ஓட்டுச் சார்ப்பு. நடுவே வானம் பார்க்கும் முற்றம். செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கனத்த மெட்ராஸ் தளம். கோடையில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி. தண்ணீர் தெளித்த தட்டி வழியே வரும் காற்றுக்கு மணமும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு. மின்கட்டணம் மட்டும் இல்லை!

அத்துடன் நம் ஊருக்கென்று ஒரு செல்வம் உண்டு, அதுதான் கடற்காற்று. பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று புறப்படும். அது நேரத்தோடு வந்த நாள் நல்ல நாள். மேல்காற்று அதைத் தடுத்து நிறுத்திய நாள்தான் நாம் வாடும் நாள். எவ்வளவு அறிவுள்ள கண்ணாடியானாலும், திறக்க முடியாத கண்ணாடி இந்தக் காற்றை உள்ளே விடுமா? சாந்தோம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டடம் கட்டி, ஜன்னலை நிரந்தரமாக மூடி, உள்ளே குளிர்சாதனம் வைப்பது, ஆற்றங்கரையில் அமர்ந்து புட்டியில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது போன்றதன்றோ?

வெயிலோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் மாநகரே சாட்சி. அங்கே உட்குழிந்து வளைந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்று, 2013-ல் சூரிய ஒளியைக் குவித்துத் தெருவில் நின்ற மோட்டார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது. லண்டன் வெயிலுக்கே அந்த நிலை!

இரண்டாம் கேள்வி: மின்சாரம் போனால், பழுதானால்?

2016 டிசம்பர் 12-ம் நாள் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அடையாற்று வெள்ளம் 2015 டிசம்பரில் என்ன செய்தது என்பதைக் கோட்டூர்புரம் வாசிகளைக் கேட்டால் சொல்வார்கள். அத்தகைய நாள்களில் அறிவுக் கண்ணாடி என்ன செய்யும்? நிறம் மாறும் இனம் பெரும்பாலும் இருந்த நிலையிலேயே நிற்கும். திரவப் படிக இனமோ பாலாக வெளுத்துவிடும். சாதாரண ஜன்னல் என்றால் கொண்டியைத் தூக்கித் திறந்துவிடலாம். 2017 மே 31-ல் தி.நகர் உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அடர்ந்த புகையில் தீயணைப்பு வீரர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. புகை வெளியேற வழியும், கையால் திறக்கும் ஜன்னலும் எந்த யுகத்திலும் வேண்டும் என்பதே நாம் அதில் கற்ற பாடம்.

பழுது பார்ப்பதும் சிறு காரியமன்று. பாரிஸ் நகரில் 1987-ல் திறக்கப்பட்ட அரபு உலகக் கழகத்தின் தென்சுவரில், கேமராவின் கண் போல விரிந்து சுருங்கும் 240 உலோக ஜன்னல்களை அமைத்தார் ழான் நூவெல் என்னும் கட்டடக் கலைஞர். ஒளியை உணர்ந்து தாமே அசையும் அவற்றைக் கண்டு உலகமே வியந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றுள் பல அசையாமல் நின்றுவிட்டன. அழகு குறையவில்லை; வேலை நின்றது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ‘வியூ’ என்னும் அறிவுக் கண்ணாடி நிறுவனம், பெரும் முதலீடு திரட்டிய பிறகும் 2024 ஏப்ரலில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாட வேண்டி வந்தது. கட்டடம் நிற்பது ஐம்பது, அறுபது ஆண்டு. அதன் கண்ணாடியை ஆட்டுவிக்கும் கணிப்பொறிக் கட்டளைகளை அத்தனை ஆண்டும் யார் புதுப்பிப்பார்கள்? உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? நம் வீட்டுக் கதவு பழுதானால் தெருமுனைத் தச்சர் வருவார். ஜன்னல் பழுதானால் கடல் கடந்த கம்பெனிக்குக் கடிதம் எழுதும் நிலை வரலாமா?

மூன்றாம் கேள்வி: பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார்?

இதுவே எங்கள் மனத்தை மிகவும் வருத்தும் கேள்வி. ஜன்னல் என்பது நாம் வெளியே பார்ப்பதற்கு ஏற்பட்டது. அறிவுக் கட்டடத்தில் ஜன்னலும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘தி எட்ஜ்’ என்னும் அலுவலகக் கட்டடம் ஏறத்தாழ 28,000 உணர்விகளுடன் கட்டப்பட்டது. யாருக்கு எந்த மேசை, எந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் கைப்பேசி வழியே நடக்கும் என்று உலகப் பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைப்பது சிக்கனம். அதே செய்தியைச் சேர்த்து வைத்து, ‘இந்தப் பெண் இத்தனை மணிக்கு எழுந்து போனாள், இத்தனை நிமிடம் கழித்து வந்தாள்’ என்று கணக்கெழுதினால் அதற்குப் பெயர் என்ன? வேவு!

நாளை நாமெல்லாம் அந்த அலுவலகங்களில்தான் வேலை பார்க்கப் போகிறோம். கல்லூரி விடுதிகளில் தங்கப் போகிறோம். மருத்துவமனைப் படுக்கையில் நம் அன்னையர் இருக்கப் போகின்றனர். பொத்தானை அழுத்தினால் மறைக்கும் கண்ணாடி பெண்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பொத்தான் உள்ளே இருப்பவர் கையில் இருக்கிறதா, வெளியே எங்கோ இருக்கும் கணிப்பொறியிடம் இருக்கிறதா? மின்சாரம் பாய்ந்தால் தெளிவது அந்தக் கண்ணாடியின் இயல்பு என்பதை மேலே கண்டோம். எனவே அதை ஆட்டுவிக்கும் இணைப்பில் பிறர் புகுந்தால், நாம் மறைத்ததை அவர் தெளிவாக்கிவிட முடியும். திரைச்சீலையை எவரும் தொலைவிலிருந்து விலக்க இயலாது என்பதை இங்கே நினைவுகூர்வது தவறாகாது.

‘கைப்பேசியே நம்மை நாளெல்லாம் கவனிக்கிறது, ஜன்னல் கவனித்தால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று சிலர் கேட்கலாம். கைப்பேசியை அணைத்து வைக்கலாம், பையில் போடலாம், வீட்டில் விட்டுச் செல்லலாம். கட்டடத்தை அப்படிச் செய்ய முடியுமா? வேலை வேண்டுமென்றால் அதற்குள் போய்த்தான் ஆக வேண்டும். இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது நல்ல தொடக்கமே. எனினும் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே அது நினைவில் இருக்க வேண்டும். வெளிச்சத்தை அளக்க ஒளி உணர்வி போதும், கேமரா தேவையில்லை. அறையில் ஆள் உண்டா என்பது தெரிந்தால் போதும். அந்த ஆள் யார் என்பது தெரிய வேண்டியதில்லை. இந்த எளிய வரம்பைக் கட்டினாலே பாதி அச்சம் தீரும்.

நான்காம் கேள்வி: யாருக்குக் குளிர்ச்சி?

அறிவுக் கண்ணாடியின் விலை சாதாரணக் கண்ணாடியைப் போலப் பன்மடங்கு. இன்று அதை வாங்க வல்லவர்கள் பெரிய கம்பெனிகளும் விமான நிறுவனங்களுமே. போயிங் 787 விமானத்தின் ஜன்னல்களில் அது இருக்கிறது. அங்கே இருக்கட்டும்; குறை சொல்லவில்லை. ஆனால் நம் நகரத்தில் வெயிலால் மிகுதியாக வருந்துவோர் கண்ணாடி மாளிகையில் இருப்போர் அல்லர். கல்நார்த் தகட்டுக் கூரையின் கீழே நண்பகலில் சமைக்கும் தாய்மாரும், அதே கூரையின் கீழே இரவில் பாடம் படிக்கும் மாணவியருமே. கண்ணாடிக் கட்டடத்தின் குளிர்சாதனம் உள்ளேயிருக்கும் வெப்பத்தை அழிப்பதில்லை. எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அந்தத் தெருவில்தான் பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே அறிவுக் கண்ணாடி மிச்சப்படுத்தும் மின்சாரம் ஊருக்கே நன்மை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பொதுப் பணம் செலவிடப்படும்போது, வெள்ளை பூசிய மாடி, கூரைக்கு அடியில் ஒரு தடுப்பு, தெருவோரம் வேம்பும் புங்கமும் என்பவையே முன்வரிசையில் நிற்க வேண்டும்.

வாய் பேசாத உயிர்களையும் மறக்கலாகாது. கிண்டித் தேசியப் பூங்கா, அடையாற்று முகத்துவாரம், தொல்காப்பியப் பூங்கா என்று பறவைகள் வாழும் இடங்களை ஒட்டியே நம் கண்ணாடிக் கட்டடங்கள் எழுகின்றன. கண்ணாடியில் தெரியும் வானத்தை மெய் வானம் என்று நம்பி மோதும் பறவைக்கு, அந்தக் கண்ணாடி அறிவுள்ளதா அறிவற்றதா என்பதில் என்ன வேற்றுமை? கோடோ புள்ளியோ பதித்த கண்ணாடியைப் பறவைகள் கண்டு விலகும் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். அந்தச் சிறு கருணைக்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை.

எங்கே வரவேற்கலாம்?

இவ்வளவு கேட்டதனால் நாங்கள் புதுமைக்கு எதிரிகள் என்று எண்ண வேண்டாம். பொருத்தமான இடம் கிடைத்தால் இந்தக் கண்ணாடி நல்ல பணியாள். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய வாசகசாலைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே படிப்போருக்குப் பகலொளி வேண்டும், கண் கூசலாகாது, புத்தகங்கள் வெயிலில் வெளுக்கவும் கூடாது. இந்த மூன்றையும் ஒருங்கே தரக்கூடிய கண்ணாடி அத்தகைய இடத்துக்குப் பொருந்தும். மருத்துவமனையில் நோயாளி படுத்தபடியே வானத்தைப் பார்க்கவும், வேண்டும்போது மறைத்துக்கொள்ளவும் அது உதவும். அருங்காட்சியகத்தில் பழைய ஓவியத்தைக் காக்கும்.

நாங்கள் வேண்டும் நிபந்தனைகள் பல அல்ல. முதலில் திசையும் நிழலும் காற்றும் பார்த்துக் கட்டுங்கள். அதன் பிறகு எஞ்சும் வெயிலுக்கு மட்டும் அறிவுக் கண்ணாடியை அழையுங்கள். ஒவ்வொரு மாடியிலும் கையால் திறக்கும் ஜன்னல் சிலவேனும் இருக்கட்டும். கண்ணாடியைக் கறுக்கவும் தெளியவும் செய்யும் பொத்தான் அங்கு அமர்ந்திருப்பவர் கைக்கு எட்டட்டும். உணர்வி வெயிலை எண்ணட்டும், மனிதரை எண்ண வேண்டாம். எங்கே எந்த உணர்வி இருக்கிறது என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். பழுது பார்க்கும் கல்வியை நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பியுங்கள். இவற்றுக்கு இசைந்து வருமானால், கண்ணாடியே, வருக!

இது நம் பாடம்

தோழியரே, இந்த விவகாரம் பொறியாளர்களுக்கும் கட்டட முதலாளிகளுக்கும் மட்டும் உரியது என்று எண்ணி ஒதுங்க வேண்டாம். ஒளியையும் வெப்பத்தையும் தனித்தனியே தடுக்கவல்ல நுண்படிகக் கண்ணாடியைப் பற்றி 2013-ல் அறிவித்த ஆய்வுக் குழுவை நடத்தியவர் டெலியா மில்லிரன் என்னும் பெண் விஞ்ஞானி. பிளாட்ஜெட் தொடங்கிய வரிசையில் அவர் நிற்கிறார். அந்த வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது. நம்முள் ஒருத்தி வேதியியல் படித்து மலிவான படலம் ஒன்றைக் கண்டறியலாம். ஒருத்தி கட்டடக் கலை பயின்று முற்றத்தையும் கண்ணாடியையும் ஒரே வீட்டில் இணைக்கலாம். ஒருத்தி சட்டம் பயின்று, ஜன்னல் வேவு பார்க்கலாகாது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். இவற்றில் எதையும் செய்யாதவளும், நாளை தன் குடும்பம் ஒரு வீட்டை வாங்கப் போகும்போது, ‘மேற்கே ஏன் இவ்வளவு கண்ணாடி? இந்த ஜன்னல் திறக்குமா?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியும் விஞ்ஞானமே.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார் உண்டோ? காற்றையும் நிழலையும் மனிதரின் தன்மானத்தையும் விற்று ஒரு கண்ணாடியை வாங்குவதும் அது போன்றதே. அவற்றை வைத்துக்கொண்டே கண்ணாடியையும் பெற வழியுண்டு. அந்த வழியைத் தேடுவதற்கே நமக்குப் படிப்பு. கண்ணாடிக்கு அறிவு வருவது நல்லதே. அதற்கு முன்னதாக, அதைப் பொருத்தச் சொல்லும் நமக்கு அது வந்திருக்க வேண்டும்.